மாட்டின் முதுகில் போட்ட கையெழுத்து

அந்த அரசு கால்நடை மருத்துவமனையில் கால்நடைகளைவிட மனிதர்களின் கூட்டம்தான் எப்போதும் அதிகம். ஒரு நாளைக்கு நாலு மாடு, ஏழு ஆடு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நாய் என்று வந்தால், கையில் காகிதக் கட்டோடு முப்பது மனிதர்கள் வருவார்கள். அவர்களுக்கு நோய் ஒன்றும் கிடையாது. மதிப்பெண் பட்டியலின் நகல், பிறப்புச் சான்றின் நகல், முகவரிச் சான்றின் நகல் என்று ஏதாவது ஒன்றில் ‘இது உண்மை நகல்’ என முத்திரை குத்திக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு அதிகாரம் பெற்றவர்கள் அந்த ஊரில் ஐந்தாறு பேர்தான். அவர்களில் ஒருவர் மதியத்துக்கு மேல்தான் நாற்காலிக்கு வருவார். இன்னொருவர் ஆயிரம் கேள்வி கேட்பார். காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறவர், கேட்டதும் போடுகிறவர், மாட்டு டாக்டரம்மா ஒருவர்தான்.

தன் மதிப்பெண் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு மனிதன் மாட்டு டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதே, இதென்ன கேவலம் என்று வரிசையில் நின்றவர்களுக்கு உறைக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு உறைத்தது. அதனால்தான் அவர் யாரையும் காக்க வைப்பதில்லை. ஊசி போடும்போதும் போடுவார், புண்ணைக் கழுவும்போதும் போடுவார். வலது கை வேலையில் இருக்கும். இடது கை கையெழுத்துக்கு. இருபது வருடப் பழக்கத்தில் இடது கைக் கையெழுத்து வலது கைக் கையெழுத்தைவிட அழகாகிவிட்டது. எதையும் படிப்பதில்லை. “படிச்சுப் பாத்துப் போடுங்களேன் மேடம்” என்று அட்டெண்டர் எப்போதாவது சொன்னால், “அவங்க பத்தாவதுல என்ன மார்க்குன்னு தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?” என்பார்.

டாக்டரம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் பெயிண்ட் கடை வைத்திருந்தார். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். டாக்டரம்மாவுக்கு ஒரு கல்யாணமும் நடந்தது; ஏழு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் “செட் ஆகல” என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். அதன்பின் மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அரசுக் குடியிருப்பு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மாடு கட்டும் கம்பிகள் தெரியும்.

பேருந்து நடத்துநராக இருந்த அப்பா சாகும்போது விட்டுப்போன சொத்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அரை ஏக்கர் காலி மனை. உயில் எழுதவில்லை. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. சட்டம் தெளிவாக இருக்கிற இடத்தில்தான் குடும்பங்கள் கலங்கலாக இருக்கின்றன. தம்பி அந்த மனையில் தகர டிரம்களை நட்டு, கார் பழகுகிறவர்களை எட்டுப் போட வைத்தார். அண்ணன் காலி பெயிண்ட் டப்பாக்களை மலைபோல் குவித்தார். டாக்டரம்மா எதுவும் குவிக்கவில்லை. ஓய்வு பெறும்போது அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும், அப்போது அதில் தன் பங்கில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு இரண்டு அறை. சமையலறை ஜன்னலில் மாடு தெரியக் கூடாது.

அவருக்கு நாற்பத்துநாலு வயதானபோது, ஒரு காலை நேரத்தில் அண்ணனும் தம்பியும் மருத்துவமனைக்கு ஓடி வந்தார்கள்.

அந்த நேரத்தில் டாக்டரம்மாவின் வலது கை, தோள்பட்டை வரைக்கும் ஒரு பசுவுக்குள் இருந்தது. கன்று வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு முன்னங்கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. அதை உள்ளேயே தடவிக் கண்டுபிடித்து, குளம்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்து, கருப்பையைக் கிழிக்காமல் முன்னால் திருப்ப வேண்டும். பசு முக்கும்போதெல்லாம் கை நசுங்கும். அட்டெண்டர் வாலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா, ஒரு கையெழுத்து” என்றார் அண்ணன். தங்கைக்கு நாற்பத்துநாலு வயதானாலும் அண்ணனுக்குப் பாப்பாதான்.

“பாத்தா தெரியலையா? கை உள்ள இருக்கு.”

“இடது கை சும்மாத்தானே இருக்கு. சீக்கிரம். ஜோசியர் பத்து பன்னெண்டுலேர்ந்து பத்து இருபத்துநாலு வரைக்கும்தான் நல்ல நேரம்னு குறிச்சுக் கொடுத்திருக்காரு. இப்பவே பத்து பதினாறு.”

“என்ன பத்திரம்?”

“நம்ம பத்திரம்தான். சாட்சிக் கையெழுத்து. நானும் தம்பியும் போடுறதை நீ பாத்தேன்னு போடணும், அவ்வளவுதான்.”

மருத்துவமனைப் பதிவேட்டைப் பசுவின் இடுப்பின்மேல் வைத்து, அதன்மேல் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை வைத்தார்கள். அண்ணன் போட்டார், தம்பி போட்டார். டாக்டரம்மா இடது கையால் போட்டார். இரண்டாவது சாட்சி வேண்டும் என்றதும் அட்டெண்டரும் வாலை விடாமல் ஒரு கையால் போட்டார். அந்த நேரம் பார்த்துப் பசு தன் கருத்தையும் தெரிவித்தது. கடைசிப் பக்கத்தின் மூலையில் சாணி தெறித்தது. தம்பி கைக்குட்டையால் துடைத்ததில் கறை இன்னும் பரவி, வட்டமாகப் படிந்தது.

பத்து முப்பத்தொன்றுக்குக் கன்று பிறந்தது. டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு பதிவேட்டில் எழுதினார்: ‘10.05 – பிரசவச் சிக்கல், முன்னங்கால் மடங்கியுள்ளது. 10.31 – கிடேரிக் கன்று, உயிருடன்.’ அன்று அந்த இடத்தில் ஒரு பெண் பதிவேட்டில் ஏறியது. ஒரு பெண் குடும்பத்திலிருந்து இறக்கப்பட்டார். பின்னது தெரியவர பன்னிரண்டு வருடம் ஆனது.

ஐம்பத்தாறாவது வயதில், வீட்டுக்கு வரைபடம் போடலாமென்று மனையின் பத்திர நகலைக் கேட்டு டாக்டரம்மா பதிவு அலுவலகம் போனார். அங்கிருந்த எழுத்தர் பழைய தொகுதியை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார்.

“இந்தச் சொத்துல உங்களுக்கு என்ன சம்பந்தம்மா?”

“எங்க அப்பா சொத்து.”

“அப்படியா? இதுல அவருக்கு ரெண்டே பிள்ளைங்கன்னு போட்டிருக்கே. ரெண்டு பேரும் ஆம்பளை. ஆளுக்குப் பாதி பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க.”

“நான் மூணாவது. நடுவுல பொறந்தவ.”

எழுத்தர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அவருக்குக் குழப்பம் தீர்ந்ததில் ஒரு சந்தோஷம். “உங்க பேர் இருக்கும்மா, இருக்கு. நீங்க சாட்சி. சாட்சிக்கெல்லாம் நிலம் கிடையாது.”

‘எங்கள் தகப்பனாருக்கு எங்கள் இருவரைத் தவிர வேறு மக்கள் எவரும் இல்லை.’ அது முதல் பக்கத்தின் மூன்றாம் பத்தி. அதற்குக் கீழே, நான்காம் பக்கத்தில், அந்த வேறு மக்களின் அழகான இடது கைக் கையெழுத்து. தான் பிறக்கவே இல்லை என்பதற்குத் தானே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனார். அண்ணன் ஒரு வாடிக்கையாளருக்கு நீலத்தில் பதினாலு வகை காட்டிக்கொண்டிருந்தார்.

“நான் அப்பாவுக்குப் பொறக்கலையாண்ணே?”

வாடிக்கையாளர் நீலத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ள வா பாப்பா, உள்ள வா” என்று அண்ணன் டப்பாக்களுக்கு நடுவில் இழுத்துப் போனார். “அது எழுதறவன் ஒரு வார்த்தைக்கு எழுதினது. உனக்கு எதுக்கு நிலம்? நீ சம்பளக்காரி. உன்னை டாக்டருக்குப் படிக்க வச்சாரே அப்பா, அதுதான் உன் பங்கு.”

“உன்னையும்தான் படிக்க வச்சாரு. நீ மூணு தடவை ஃபெயில் ஆன. அதுக்கு நான் நிலத்தை விட்டுக் கொடுக்கணுமா?”

“கையெழுத்துப் போட்டது நீதானே?”

“நான்தான்.”

“அப்ப முடிஞ்சுபோச்சு. கேஸ் போடறதுன்னா போட்டுக்க. நாட்டோட கடைசிக் கோர்ட் வரைக்கும் நான் வருவேன்.”

தம்பி இவ்வளவு பேசவில்லை. “அண்ணன் சொன்னாருக்கா, நான் போட்டேன்” என்றார். ஐம்பது வயதை நெருங்கியவர். தினமும் பத்துப் பேருக்குப் பிரேக்கை எப்போது மிதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்.

டாக்டரம்மா பிடித்த வக்கீலம்மா குள்ளமாக இருப்பார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வழக்குக் கட்டுகளுக்கு மேல் கண்ணாடி மட்டும் தெரியும். பத்திரத்தை மூக்கருகில் வைத்துப் படித்தார்.

“டாக்டர், இந்தக் கையெழுத்தும் உங்க வங்கிக் கையெழுத்தும் ஒத்துப் போகவே இல்ல. ‘இது என் கையெழுத்து இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கீழ்க் கோர்ட்டிலேயே முடிச்சுடலாம்.”

“அது என் கையெழுத்துதான். இடது கை.”

“எனக்குத் தெரியுது. ஜட்ஜுக்குத் தெரியணுமா?”

“வக்கீலம்மா, ஒரு பொய்ப் பத்திரத்தை எதிர்த்து வந்திருக்கேன். நானும் ஒரு பொய்யோட போகவா? போட்டேன். படிக்காம போட்டேன். மாட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டுப் போட்டேன். அதைச் சொல்லி ஜெயிக்க முடிஞ்சா சொல்லுங்க.”

கண்ணாடி கட்டுகளுக்கு மேலே ஒருமுறை ஏறி இறங்கியது. “சொல்லலாம்” என்றார் வக்கீலம்மா. “ஆனா உங்களுக்கு நிறையப் படி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் நல்லா இருக்கா?”

முதல் படியில், அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறினார். எல்லாம் முறைப்படி நடந்தது என்று காட்டுவதில் அவருக்கு ஒரு மிடுக்கு இருந்தது.

“பாப்பா எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டுது ஐயா.”

நீதிபதி பேனாவை நிறுத்தினார். “எந்தப் பாப்பா? மைனரா?”

“இல்லீங்க ஐயா. அதோ, அங்க உக்காந்திருக்கே.”

நீதிபதி நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தார். “அவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“கூடப் பொறந்த தங்கச்சிங்க.”

“அப்ப உங்க அப்பாவுக்கு ரெண்டே பிள்ளைங்கன்னு எழுதியிருக்கீங்களே.”

அண்ணன் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

வக்கீலம்மா எழுந்தார். எழுந்ததற்கும் உட்கார்ந்திருந்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. “பத்திரத்துல கையெழுத்துப் போட்ட நேரம் ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கு. பத்து பன்னெண்டுக்கும் பத்து இருபத்துநாலுக்கும் நடுவுல. ஒரு நிமிஷம் முன்னபின்ன கிடையாது. ஜோசியர் குறிச்சுக் கொடுத்த சீட்டை இன்னும் வச்சிருக்கேன்.” சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து, கேட்காமலே கொடுத்தார். நீதிமன்றம் அதை வாங்கி எண் போட்டு வைத்துக்கொண்டது.

அடுத்து வக்கீலம்மா கால்நடை மருத்துவமனைப் பதிவேட்டைத் தாக்கல் செய்தார். பத்து ஐந்திலிருந்து பத்து முப்பத்தொன்று வரை டாக்டரின் கை எங்கே இருந்தது என்பது அதில் அரசாங்கத் தாளில், அரசாங்க மையில் இருந்தது. அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“பத்திரத்தை அவங்க படிச்சதைப் பாத்தீங்களா?”

“நாலு பக்கத்தையும் அவங்க அண்ணன் ஒண்ணா மடிச்சு, கடைசிப் பக்கம் மட்டும் தெரியற மாதிரி வச்சாருங்க. பசு வேற ஆடிக்கிட்டே இருந்துச்சு.”

“நீங்க படிச்சீங்களா?”

“நான் வாலைப் பிடிச்சிட்டிருந்தேங்க.”

எந்த நட்சத்திரம் தன் சொத்தைக் காப்பாற்றும் என்று அண்ணன் நம்பினாரோ, அந்த நட்சத்திரத்தின் சீட்டே அவர் பொய்யைப் பிடித்துக் கொடுத்தது. நேரம் குறிக்காமல் போயிருந்தால், “மத்தியானம் நிதானமா உக்காந்து படிச்சுட்டுப் போட்டுது” என்று சொல்லித் தப்பியிருக்கலாம். மூடநம்பிக்கையிலும் ஒரு நேர்மை உண்டு போலிருக்கிறது. நிமிடக் கணக்குத் தவறுவதில்லை.

டாக்டரம்மா படிக்காமல்தான் போட்டார் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். படித்த ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் பத்திரத்தில் உள்ளதை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம், அப்புறம் மாற்றிப் பேச முடியாது என்று அந்த மாகாண உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது. படிக்காதவராக இருந்தால் தப்பித்திருப்பாராம். பெண்ணைப் படிக்க வைத்ததுதான் அவளுக்குப் பங்கு என்றார் அண்ணன். படித்ததால் பங்கு இல்லை என்றது நீதிமன்றம். ஆக இரண்டு பக்கத்துக்கும் அவருடைய படிப்புதான் வசதி.

மேல்முறையீட்டில் டாக்டரம்மா ஜெயித்தார். அதற்கு மேலே, உயர் நீதிமன்றத்தில், அந்தப் பழைய தீர்ப்பே செல்லும் என்று அண்ணன் ஜெயித்தார். இதற்குள் ஏழு வருடம் ஓடியிருந்தது. நடுவில் டாக்டரம்மா ஓய்வு பெற்று, குடியிருப்பைக் காலி செய்து, சைக்கிள் கடை மாடியில் ஓர் அறைக்கு வாடகைக்குப் போனார். இரண்டு அறை வீட்டின் வரைபடத்தை அந்த ஒற்றை அறையின் சுவரில் ஒட்டினார். ஜன்னலில் மாடு தெரியவில்லை. டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்டது.

“போதும் வக்கீலம்மா” என்றார் ஒருநாள். “எனக்கு அறுபத்துமூணு ஆச்சு. இனிமே வீடு கட்டி நான் என்ன குடித்தனமா பண்ணப் போறேன்? உச்ச நீதிமன்றம்லாம் அரை ஏக்கருக்குப் போற இடமா?”

“போக முடியாதுதான். அண்ணன் தங்கச்சி சண்டையை அவங்க காதுலயே வாங்கிக்க மாட்டாங்க. யாருக்கு எவ்வளவு, யார் சொல்றது நிஜம், இதெல்லாம் கீழயே முடியணும். நாட்டுல எல்லாருக்கும் பதில் வேண்டிய ஒரு சட்டக் கேள்வி இருந்தாத்தான் கதவைத் திறப்பாங்க.”

“நம்மகிட்ட என்ன இருக்கு?”

“பாலம் இருக்கு.”

ஊருக்குக் கிழக்கே ஆறு. அதன்மேல் பாலம். பாலத்தின் அந்தப் பக்கம் அடுத்த மாகாணம். அதற்குத் தனி உயர் நீதிமன்றம். அந்த நீதிமன்றம் இதே கேள்விக்கு நேர்மாறாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது: சாட்சி சாட்சி மட்டும்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பில்லை. அதாவது அந்தப் பசு அன்றைக்கு இந்தக் கரையில் இல்லாமல் பாலத்தைத் தாண்டி மேயப் போயிருந்தால், டாக்டரம்மாவுக்கு நிலம் உண்டு. ஒரே நாடு, ஒரே சட்டப் புத்தகம். ஆனால் ஒரு பெண் தன் தகப்பனுக்கு மகளா இல்லையா என்பது அவர் ஆற்றின் எந்தக் கரையில் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பொறுத்திருந்தது. இதைச் சகித்துக்கொண்டு ஒரு நாடு தலை நிமிர்ந்து கொடியேற்றிக்கொண்டும் இருந்தது.

“அன்னைக்கு நீங்க பொய் சொல்லியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது” என்றார் வக்கீலம்மா. “கையெழுத்து யாருதுங்கற சண்டையா கீழயே செத்திருக்கும். நீங்க எல்லாத்தையும் ஒத்துக்கிட்டதால, சட்டத்தைத் தவிர சண்டை போட எதுவும் மிச்சமில்ல. மேல போறதுக்கு அதுதான் டிக்கெட்.”

டாக்டரம்மா முழங்காலைத் தடவிக்கொண்டார். “முழங்கால்தான் நல்லா இல்ல” என்றார். “சரி, போவோம்.”

இரண்டு வருடம் கழித்து வழக்கு எடுக்கப்பட்ட நாளில் அண்ணனும் தலைநகரத்துக்கு வந்திருந்தார். சொன்ன சொல் தவறாதவர். மனையின் நாலு பக்கத்தையும் புகைப்படம் எடுத்து ஓர் ஆல்பமே கொண்டுவந்திருந்தார். நீதிமன்றத்தில் இவருக்கு முன்னால் மூன்று சுரங்கக் கம்பெனிகளும் ஒரு மாகாண அரசும் காத்திருந்தன. அண்ணன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு அவர்களோடு சரிசமமாக நின்றார்.

மேடையில் மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் கட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். “இது குடும்ப விஷயம். அரை ஏக்கர். இங்க எப்படி வந்தது?”

“நிலம் வரல ஐயா, கேள்வி வந்திருக்கு” என்றார் வக்கீலம்மா. அவருக்குக் கீழே ஒரு சிறு பலகை போட்டிருந்தார்கள். “சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எதுக்குச் சாட்சி? ரெண்டு உயர் நீதிமன்றம் ரெண்டு விதமா சொல்லுது.”

வலப்பக்கத்து நீதிபதி பத்திரத்தின் நகலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “கடைசிப் பக்கத்துல இருக்கற இந்த வட்ட முத்திரை எந்த அலுவலகத்துது? படிக்க முடியல.”

நகல் எடுத்த இயந்திரத்தில் சாணிக் கறை கன்னங்கரேலென்று, ஓரமெல்லாம் ரேகை ஓடி, பார்க்க நிஜமாகவே கம்பீரமாக இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல், “அரசு முத்திரையாத்தான் இருக்கணும் ஐயா” என்று தன் பக்கத்துக்கு வலுச் சேர்த்தார்.

“அது பசுவோடது ஐயா” என்றார் வக்கீலம்மா. “கீழ்க் கோர்ட் தீர்ப்பு, ஒன்பதாம் பத்தி.”

நீதிபதி ஒன்பதாம் பத்தியைப் படித்தார். நகலை மேசையில் வைத்து, விரல் நுனியைத் துணியில் துடைத்துக்கொண்டார். வெறும் நகல்தான் என்றாலும்.

மொத்தம் பதினோரு நிமிடம். மனை எங்கே இருக்கிறது என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஆல்பத்தைத் திறக்கக்கூட இடம் கிடைக்காமல் வெளியே வந்த அண்ணன், தங்கையிடமே வந்து புலம்பினார்.

“ரெண்டு நாள் ரயில்ல வந்திருக்கேன் பாப்பா. நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களா பாரு.”

“என்னைப் பத்தியும் பேசலண்ணே.”

“பின்ன எதைப் பத்திப் பேசினாங்க?”

“பேனாவைப் பத்தி.”

தீர்ப்பு பதினாலு பக்கம் வந்தது. அதன் சாரம் ஒரு வரிதான்: சாட்சி பார்த்தது பேனா ஓடுவதை, பத்திரத்தில் என்ன ஓடியது என்பதை அவர் பார்த்ததாகவோ ஏற்றதாகவோ அந்தக் கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அவர் படித்தவரா, படிக்காதவரா என்பது அதில் சேர்த்தி இல்லை. இனி ஆற்றின் இரண்டு கரைக்கும் அதுதான் சட்டம். டாக்டரம்மாவின் கை எங்கே இருந்தது என்பதை நீதிபதிகள் நாகரிகமாக, ‘மனுதாரர் அச்சமயம் வேறு பணியில் ஆழ்ந்திருந்தார்’ என்று குறிப்பிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு அவருக்கு உரியது என்ற செய்தி கடைசிப் பத்தியில், போகிற போக்கில் இருந்தது. ஒரு தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள் என்று எண்ணிச் சொல்ல நாலு நீதிமன்றமும் ஒன்பது வருடமும் பிடித்தன. எண்ணத் தெரியாமல் இல்லை. பெண்ணைச் சேர்த்து எண்ணிப் பழக்கமில்லை.

புதிய பாகப் பத்திரம் எழுதி, பதிவு அலுவலகத்தில் கூடினார்கள். அண்ணன் மூச்சிரைக்க வந்தார். “பதினொண்ணுலேர்ந்து பதினொண்ணு இருபது வரைக்கும் நல்ல நேரம். சட்டுன்னு போட்டுடுவோம். அஞ்சு பக்கம்தான், எல்லாம் சரியா இருக்கு.”

டாக்டரம்மா மர பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் பக்கத்தின் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். ‘எங்கள் தகப்பனாருக்கு நாங்கள் மூவரே மக்கள்.’ அந்த வரியை இரண்டு தரம் படித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார், தூசி என்றார். பிறகு இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலாம் பக்கத்தில் டாக்டரம்மாவின் விரல் நின்றது.

“தம்பி, இங்க வா. எனக்கு நடுப் பங்கு கொடுத்திருக்கீங்க. முன்னால அண்ணன், பின்னால நீ. நான் ரோட்டுக்கு எப்படிப் போறது? பறந்தா?”

தம்பி குனிந்து பார்த்தார். “வழி விடணும்னு எழுத்தர் மறந்திருப்பாருக்கா.”

“இந்த மறதி இருக்கே, அது எப்பவும் என் பங்கைத்தான் தேடி வருது.”

இந்தத் தரம் தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுத்தரிடம் போய், எட்டடி அகலத்தில் வழி என்று தானே சொல்லி எழுத வைத்து, ஓரத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். மணி பதினொன்றே கால். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது; பாப்பாவும் சாட்சிகளும் போட்டுவிட்டால் நல்ல நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் சாட்சி வக்கீலம்மா; டாக்டரம்மா போடுவதைப் பார்த்த பிறகுதான் போடுவேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். இரண்டாவது சாட்சி அட்டெண்டர். அவரும் ஓய்வு பெற்றிருந்தார். அண்ணன் அவர் கையில் பேனாவைத் திணித்தார்.

“போடுப்பா. நீ படிக்க வேண்டாம்னு உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு.”

“வேண்டாம்னு சொல்லலீங்க, கட்டாயம் இல்லைன்னுதான் சொல்லியிருக்கு” என்றார் அட்டெண்டர். “அன்னைக்குத்தான் கையில வால் இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டு கையும் சும்மாத்தானே இருக்கு.”

அவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். பதினொன்று இருபது ஆகி, இருபத்தைந்து ஆனது. இரண்டாம் பக்கத்தில் தலையைத் தூக்கி, “தெற்கே வாய்க்கால்னு போட்டிருக்கே, மனைக்குத் தெற்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அண்ணன் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி எழுந்து நின்று, கையை நீட்டித் தெற்கைக் காட்டினார்.

டாக்டரம்மா இன்னும் போடவில்லை. எல்லோரும் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. பேனாவை இடது கையில்தான் பிடித்திருந்தார்.